யாழ்ப்பாணத்து வளவில் குட்டிக் கோவா: விதை முதல் இரண்டாம் அறுவடை வரை

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் நத்தார் விருந்துப் படங்களில், தட்டின் ஓரத்தில் சின்னத் தேசிக்காயளவில் பச்சை உருண்டைகள் கிடக்கும். அவைதான் பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ். விடுமுறைக்கு ஊர் வரும்போது சிலர் அதன் விதைப் பைக்கற்றையும் கொண்டுவந்து, "கிணற்றடியில் போட்டுப் பாருங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். போட்டால் முளைக்கும். செடி இடுப்பளவுக்கு வளரவும் கூடும். உருண்டைதான் வராது. இலைக் கக்கங்களில் வரும் மொட்டுகள் இறுகிக்கொள்ளாமல் சின்னச் சின்ன இலைக் கொத்துகளாக விரிந்து நிற்கும்.

அதற்காக இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த சாதாரண கோவாவை (முட்டைக்கோசை) நட்டு, தலையை முறையாக வெட்டினால், மிஞ்சிய கட்டையிலிருந்து நாலைந்து குட்டிக் கோவாக்கள் எழும்பும். யாழ்ப்பாணத்தில் நம்பிக் கைவைக்கக்கூடிய வழி இதுதான் என்பது என் கணிப்பு. கீழே சொல்வதெல்லாம் முக்கியமாக அதைப் பற்றித்தான். பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸையே வளர்த்துத் தீருவேன் என்பவர்களுக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது.

நம் வெயிலில் ஏன் இறுகாது?

கோவா, பூக்கோவா, நோக்கோல், புரொக்கோலி, பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ் எல்லாம் தாவரவியலில் பிரசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனம். ஒன்றில் நுனி மொட்டுப் பெருத்தது, ஒன்றில் தண்டு பெருத்தது, இன்னொன்றில் பூ பெருத்தது. பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸில் பெருப்பது தண்டோரம் உள்ள பக்க மொட்டுகள். அவை இறுக்கமாக உருள்வதற்கு 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரையான குளிர் வேண்டும். 24 பாகையைத் தாண்டினால் மொட்டு தளர்ந்துவிடும். நாற்று நட்டதிலிருந்து அறுவடைக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஆகும் என்பதால், அந்தக் குளிரும் அவ்வளவு நாள் நீடிக்க வேண்டும். பனி உறைந்தால் இலையில் உள்ள மாப்பொருள் சர்க்கரையாகி ருசி கூடும் என்பார்கள். உறைபனியை நாம் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் பார்த்தவர்கள்.

யாழ்ப்பாணத்தில் மிகக் குளிரான மார்கழி, தை மாதங்களிலேயே இராக் குளிர் 22 பாகையளவில் நின்றுவிடும். பகலில் 28 பாகைக்கு ஏறும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே 16 பாகையை ஒட்டிய காலநிலை. அந்த வித்தியாசத்தைப் பசளையாலோ பராமரிப்பாலோ ஈடுசெய்ய முடியாது.

கோவாவின் கதை வேறு. வெப்ப நாடுகளுக்கென்றே உருவாக்கிய கலப்பு வகைகள் அதில் உண்டு. அவை 28 பாகையிலும் தலை கட்டும்; நட்டு இரண்டு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்துக் குளிர்காலம் அவற்றுக்குப் போதும்.

நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இரண்டு அறுவடைகளையும் பங்குனி வெயில் முற்றுவதற்கு முன் முடித்தாக வேண்டும். அதனால் தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவது நல்லது. குட்டிக் கோவா எழும்பிப் பருக்க ஐந்து, ஆறு வாரம் வேண்டும். பங்குனி நடுப்பகுதிக்குள் அவற்றைப் பறிக்க வேண்டுமென்றால், தாய்த் தலையைத் தை மாதக் கடைசியில் வெட்டியாக வேண்டும். அதற்கு நாற்று கார்த்திகை முற்பகுதியில் நிலத்தில் இறங்க வேண்டும். ஆகவே விதை போடும் காலம் ஐப்பசி நடுப்பகுதி, ஆங்கிலக் கணக்கில் ஒக்டோபர் கடைசி வாரத்தை ஒட்டி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில்தான் கொட்டுகிறது; அதிலும் நவம்பர்தான் உச்சம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாற்று மிக மென்மையாக இருக்கும் வேளையும் அதுவேதான். மழை முடியட்டும் என்று காத்திருந்து மார்கழிக் கடைசியில் நடுபவர்கள் ஒரு தலையை வெட்டலாம். குட்டிகளுக்குக் காலம் மிஞ்சாது. மழைக்குள் நாற்றைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தான் இரண்டாம் அறுவடை. வலிகாமத்தில் உருளைக்கிழங்கு நடும் ஆயத்தங்கள் தெரியும்போது உங்கள் கோவா நாற்றும் தயாராக இருந்தால் கணக்குச் சரி.

விதை

தலை கட்டும் காலம் பைக்கற்றில் எழுதியிருக்கும். 60, 65 நாள் என்றிருப்பதை வாங்குங்கள். 90 நாளுக்கு மேலுள்ளவை மலைநாட்டுக்கானவை. வெப்பத்துக்கென வந்தவற்றில் கே.கே. கிறாஸ், கே.வை. கிறாஸ் என்பவை பழைய, நம்பகமான பெயர்கள். கடையில் வேறு வகை இருந்தால், தாழ்நிலத்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் பதிலில் சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அந்தந்த ஆண்டில் எந்த வகை எப்படிப் போனது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டு விதைக்கு இங்கே இடமில்லை. கோவா ஈராண்டுத் தாவரம். நீண்ட குளிரைக் கண்டால்தான் பூக்கும், எனவே யாழ்ப்பாணத்தில் அது விதைக்கு வராது. கலப்பு வகை என்றால் விதை கிடைத்தாலும் தாயைப் போல இருக்காது. ஆண்டுதோறும் வாங்கத்தான் வேண்டும். ஒரு கிராமில் 250 விதைக்கு மேல் இருக்கும் என்பதால் சின்னப் பைக்கற்று ஒன்றை இரண்டு மூன்று வீடுகள் பங்கிடலாம்.

வெளிநாட்டு விதைப் பைக்கற்றுகள் பற்றி ஒரு சொல். விதை கொண்டுவருவதற்குத் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். இந்தக் குடும்பத்துப் பயிர்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. கோவாவின் மோசமான நோய்களில் ஒன்றான கருப்பழுகல் விதையோடு பயணம் செய்வது.

நாற்று மேடை

பத்துப் பன்னிரண்டு செடிக்கு மேடை போடத் தேவையில்லை. நாற்றுத் தட்டு, இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகள் போதும். தும்புத்தூள் ஒரு பங்கு, சலித்த கூட்டெரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. மண்ணை மட்டும் தனியே எடுத்து, பழைய தாச்சியில் அடுப்பில் வைத்து ஆவி பறக்கும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். ஈரக் காலத்தில் நாற்றுகளை அடித்தண்டில் கருக்கிச் சாய்த்துவிடும் பூஞ்சணங்கள் அதில் பெரும்பாலும் செத்துவிடும். நிலத்திலேயே மேடை போடுகிறவர்கள் வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பது இதே காரணத்துக்காகத்தான்.

விதையை அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். ஐந்து நாளில் தலைகாட்டும். மேலே கண்ணாடிப் பொலித்தீனைக் கூரையாகக் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். கிடுகுப் பந்தல் முதல் வாரத்துக்கு நல்லது. அதன் பிறகும் வைத்திருந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நெடுத்து வளரும். மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீரைச் சற்றுக் குறைத்து, மழையில்லாத வேளைகளில் கூரையை எடுத்துவிடுங்கள். நாலைந்து உண்மையான இலைகள் வந்து, தண்டு பென்சில் கூரளவு தடித்து நின்றால் நடலாம். இதற்கு மூன்றரை வாரம், நான்கு வாரம் எடுக்கும்.

உங்கள் மண் எது?

குடாநாட்டு மண் ஒரே மாதிரியானதல்ல. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகப் பக்கத்துச் செம்பாட்டு மண் கோவாவுக்கு நல்ல மண். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். தென்மராட்சி, வடமராட்சிக் கிழக்கு மணலில் பசளை நிற்காது. மாரியில் நிலத்தடி நீர் மேலேறிப் பாத்தியை அடியிலிருந்தே நனைக்கும். அங்கே ஓர் அடி உயர மேட்டுப் பாத்தி கட்டாயம், எருவும் இரட்டிப்பாகப் போட வேண்டும். கடலேரி ஓரத்து வளவுகளிலும் தீவுகளிலும் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் மாரி மழையை நம்பி மட்டும் நடுங்கள். தை, மாசியில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

மலைநாட்டுக் கோவாக்காரர்களைவிட நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. வேர் முண்டு முண்டாக வீங்கிச் செடி வாடும் வேர்க்கழலை நோய் அமில மண்ணை விரும்புவது. அதனால்தான் மலைநாட்டில் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு போடுகிறார்கள். நம் மண்ணில் சுண்ணாம்பு இயல்பாகவே இருக்கிறது. மலைநாட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்டு இங்கும் சுண்ணாம்பு போட வேண்டாம். அடுப்புச் சாம்பலையும் கோவாப் பாத்தியில் கொட்டிக் குவிக்காதீர்கள். மண்ணின் காரம் கூடினால் இரும்பு, நாகம், போரன் போன்ற சத்துகள் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காமல் போகும்.

நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியைக் கொத்தி, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ நன்றாக உக்கிய மாட்டெருவாவது கலந்து விடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், கறையானும் வெட்டுப் புழுவும் வரும். வேலியில் பூவரசும் சீமைக்கிளுவையும் இருந்தால் குழையை வெட்டி அடியில் புதைக்கலாம். பனையோலை தாழ்த்துவது நம் தோட்டக்காரரின் பழைய முறை, ஆனால் ஓலை மெல்ல மெல்லத்தான் உக்கும். ஓரிரண்டு பாத்திக்கு அந்தப் பாடு தேவையில்லை.

நடுகை, தண்ணீர், பசளை

ஒன்றரை அடிக்கு ஒரு கன்று. இதைவிட நெருக்கினால் தலை சிறுக்கும். குட்டிகளுக்கு வெளிச்சமும் போதாது. மாலையில், மழை விட்ட ஒரு நாளில், முதல் சோடி இலை வரை புதையும்படி நட்டு அடியை அழுத்தி விடுங்கள். குருத்துக்குள் மண் போகக் கூடாது.

மார்கழி வரை தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டியிராது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் செம்மண் விரைவாகக் காயும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை, காலையில், அடியில் ஊற்றுங்கள். தலை இறுகும் பருவத்தில் ஒரு வாரம் காயவிட்டுப் பிறகு வாளி வாளியாக ஊற்றினால் தலை வெடிக்கும். வெடிக்கும் அறிகுறி தெரிந்தால் செடியை அடியில் பிடித்து அரைச் சுற்றுத் திருகிவிடுங்கள். பக்க வேர்கள் சில அறுந்து, உறிஞ்சும் தண்ணீர் குறைந்து, சில நாள் தாக்குப்பிடிக்கும். குட்டி எடுக்க நினைக்கும் செடியில் மட்டும் இதைச் செய்யாமல், அந்தத் தலையை உடனே வெட்டிவிடுவதே மேல்.

மேலுரம் இரண்டு தடவை: நட்டு மூன்றாம் வாரம், பிறகு குருத்து இலைகள் உள்நோக்கி வளையத் தொடங்கும்போது. யூரியா போடுகிறவர்கள் கன்றுக்கு அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கை நாலைந்து நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினாலும் நல்ல பலன் தரும், மணத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். யூரியாவில் கை கட்ட வேண்டியதற்குச் செடியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்கான அளவைத் தாண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் வடிகட்டல் இல்லை, பாத்தியில் கொட்டும் மிகுதி நேரே கிணற்றுக்குத்தான் போகும். அதே கிணற்றில்தான் நாமும் குடிக்கிறோம்.

புழு

கோவா வளர்ப்பில் பாதி வேலை இதுதான். வைரமுதுகு அந்து என்றொரு சாம்பல்நிறப் பூச்சி, அரை அங்குலம்கூட இராது. இறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைர வடிவங்கள் தெரியும். அதன் பச்சைப் புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் மட்டும் கண்ணாடிபோல மிஞ்சும். தொட்டால் நெளிந்து பின்வாங்கி, நூலில் தொங்கும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்தாக இரண்டு, இரண்டரை வாரமே எடுப்பதால் ஒரு பயிருக்குள் பல தலைமுறை வந்து போகும்.

மருந்தடித்து இதை ஒழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டி.டி.ரி. மருந்துக்கே 1953இல் யாவாவில் எதிர்ப்புக் காட்டிய பூச்சி இது. அதன் பின் வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்திருக்கிறது. மருந்தில் முதலில் சாவது அதைத் தின்னும் குளவியும் சிலந்தியும்தான்.

வீட்டுத் தோட்டத்துக்குச் சிறந்த ஆயுதம் பழைய நுளம்பு வலை. கோவாவுக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் நட்ட நாளிலிருந்து வெட்டும் நாள் வரை வலையை எடுக்காமல் வைத்திருக்கலாம். கிளுவைத் தடிகளை நட்டு, இலையில் படாத உயரத்தில் வலையைப் போர்த்தி, ஓரங்களை மண்ணிட்டு மூடுங்கள். வலை இலையில் படிந்திருந்தால் அந்து வெளியே இருந்தபடியே கண்ணிகளினூடாக முட்டையிட்டுவிடும். ஓட்டை இருந்தால் தைத்துவிடுங்கள். வலைக்குள் ஒரு சோடி புகுந்தால் எதிரிகள் இல்லாத இடத்தில் அவற்றுக்குக் கொண்டாட்டம்தான்.

வலை இல்லாதவர்கள் கடுகை நம்பலாம். நாற்று நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு சமையலறைக் கடுகை ஒரு கைப்பிடி எடுத்துப் பாத்தி ஓரமாக விதைத்து விடுங்கள். அந்து கோவாவைவிடக் கடுகில் முட்டையிட விரும்பும். கடுகில் புழு பெருகியதும் பிடுங்கி எரித்துவிட வேண்டும், மறந்தால் நீங்களே பண்ணை வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நட்ட நான்காம் வாரத்தில் இரண்டாம் தரம் கடுகு விதைக்கலாம்.

அடுத்து வேம்பு. ஆனி, ஆடியில் விழும் வேப்பம்பழத்தைப் பொறுக்கிக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்திருந்தால் மாரியில் உதவும். பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், மழை கழுவிவிடும். வாரம் ஒரு தடவையாவது அடிக்க வேண்டும். பீ.ரீ. என்ற பக்டீரியாத் தூள் கிடைத்தால் அதுவும் புழுவை மட்டுமே தாக்கும், ஆனால் தொடர்ந்து அதையே அடித்தால் இந்தப் பூச்சி அதற்கும் பழகிவிடும்.

குருத்துக்குள் நூல்கட்டி உட்கார்ந்து நடுக்கண்ணைத் தின்னும் இன்னொரு புழு உண்டு. நட்ட முதல் மூன்று வாரத்தில் ஒவ்வொரு காலையும் குருத்தை விரித்துப் பாருங்கள். கண் போய்விட்டால் அந்தச் செடி ஒரு பெருந்தலை கட்டாது. பக்கத்தில் நாலைந்து சிறு தலைகள் விடும். நமக்கு வேண்டியதும் அதுதானே என்று தோன்றலாம், ஆனால் அவை வலுவில்லாமல், புழு தின்ற மிச்சமாக வரும்.

நத்தையை இரவில் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு வழி சொல்ல என்னிடம் இல்லை.

கருப்பழுகல்

இலை ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி ஆங்கில 'வி' வடிவில் மஞ்சள் இறங்கும்; நரம்பு கறுக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனித்துளி இலையில் நெடுநேரம் நிற்கும் காலையில் செடிகளுக்குள் நடமாடினால் நோயை நீங்களே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோவீர்கள். மருந்து கிடையாது. நோயிலையைக் காய்ந்த வேளையில் கிள்ளி எரியுங்கள், முற்றிய செடியைப் பிடுங்குங்கள். மூன்று ஆண்டுக்கு அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம்.

முதல் வெட்டு

தலையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்காமல் கல்லாக நின்றால் தயார். குட்டி வேண்டுமென்றால் பெரிதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இறுகியவுடனே வெட்டுங்கள்.

கூரிய கத்தியால், தலைக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியில் விரிந்திருக்கும் பெரிய இலைகளில் நல்லவை ஐந்தாறைத் தொடாமல் விட வேண்டும். இரண்டாம் அறுவடை முழுவதும் அந்த இலைகளில்தான் தங்கியிருக்கிறது; குட்டிகளுக்கு உணவு சமைப்பவை அவையே, மொட்டுகள் எழும்புவதும் அவற்றின் கக்கங்களில்தான். பலர் தலையோடு சேர்த்து அடி இலைகளையும் ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிடுகிறார்கள். வெட்டு முகம் சற்றுச் சரிவாக இருந்தால் பனி தேங்காது. கட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடும் பழக்கமும் உண்டு. போடாமலே மொட்டு வரும், போட்டாலும் குற்றமில்லை.

அன்றே கட்டையைச் சுற்றி ஒரு கை கூட்டெரு, புண்ணாக்குத் தண்ணீர், மேலே வைக்கோல் மூடாக்கு. மாசி வெயிலில் மண் சூடேறாமல் பார்ப்பது முக்கியம். பின்னேர வெயில் நேரே விழும் பாத்தியென்றால் மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சாய்த்து வையுங்கள்.

பத்து நாளில் மொட்டுகள் தெரியும். எட்டுப் பத்துக்கூட வரும். எல்லாவற்றையும் விட்டால் எல்லாமே இலையாக விரியும். தண்டில் இடைவெளி விட்டு நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். கிள்ளியவை வறைக்கு ஆகும். வலையை இப்போதும் எடுக்கக் கூடாது, இளம் மொட்டுதான் அந்துக்கு மிகப் பிடித்தது. ஐந்தாறு வாரத்தில் தேசிக்காய்க்கும் மாதுளைக்கும் இடைப்பட்ட பருமனில் பறிக்கலாம். கடையில் விற்கும் பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ் அளவு வேண்டுமென்றால் நான்காம் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். அதன் மெல்லிய கசப்பை இதில் தேடாதீர்கள். ருசி இளங்கோவாவின் ருசி, என் நாக்குக்கு அது மேல்.

இரண்டாகப் பிளந்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, பெருநெருப்பில் வெட்டுமுகம் பொன்னிறமாகும் வரை வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவுங்கள். அவிக்க வேண்டாம், நீண்ட நேரம் அவித்தால் கந்தக மணம் எழும்பும்.

இல்லை, எனக்கு பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸே வேண்டும் என்றால்

மிகக் குறுகிய கால வகையைத் தேடி, புரட்டாதிக் கடைசியில் நிழலில் நாற்றுப் போட்டு, ஐப்பசிக் கடைசியில் இரண்டடி இடைவெளியில் நடுங்கள். மார்கழிக் காற்றுக்குச் செடி சாயும், தடி கட்ட வேண்டும். தண்டோரம் மொட்டுகள் கடலையளவில் தெரியும்போது நுனிக் குருத்தைக் கிள்ளிவிட்டால் சத்து மொட்டுகளுக்குத் திரும்பும். கீழ் இலைகள் மஞ்சளானால் ஒடித்துவிடுங்கள். தை மாதத்தில் கீழிருந்து நாலைந்து மொட்டாவது ஓரளவு மடிந்து வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மற்றவை விரிந்த இலைக்கொத்தாகவே இருக்கும். அவற்றையும் நுனி இலைகளையும் கீரைபோல வறுக்கலாம். இரண்டு செடிக்கு மேல் இதற்கு இடம் ஒதுக்க வேண்டாம்.

பாத்தியைக் காலியாக்குதல்

பங்குனி பாதிக்குப் பிறகு கட்டையில் எஞ்சியிருப்பது புழுவுக்குத்தான் பயன்படும். வேரோடு பிடுங்கி, நோய் இல்லாதவற்றை நறுக்கிக் கூட்டெருக் குவியலில் போடுங்கள், கருப்பழுகல் கண்டவற்றை எரித்துவிடுங்கள். வலையைக் கழுவி உலர்த்தி எலி எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்ததாகப் பயறு விதைக்கலாம். தண்ணீர் வசதியிருந்தால் வெண்டியும் நன்றாக வரும்.